வலி ஜெல்லின் மேல் அல்ட்ராசவுண்ட்: மருந்து நிஜமாகவே உள்ளே போகிறதா?

கேள்வி: முழங்கால் வலிக்கு பிசியோதெரபி எடுக்கிறேன். வலி ஜெல்லைத் தடவி அதன் மேல் அல்ட்ராசவுண்ட் வைக்கிறார்கள். ஒலி மருந்தை உள்ளே தள்ளிவிடுமாம். உண்மையா? சின்னக் கருவி ஒன்று வாங்கி, கையில் இருக்கும் களிம்பை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பதில்: பாதி உண்மை. ஒலி மருந்தை ஊசி போலத் தள்ளுவதில்லை. தோலின் காவலைக் கொஞ்ச நேரம் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காவல், தோலின் ஆக மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கு. தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. செல்களுக்கு நடுவே கொழுப்பு, செங்கல்லுக்கு இடையில் பூசிய சாந்து மாதிரி. மருந்தின் மூலக்கூறு எடை 500 டால்டனை (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) தாண்டினால் உள்ளே நுழைவது கடினம். உங்கள் ஜெல்லில் இருப்பது டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து என்றால் அது சுமார் 300 டால்டன்தான். ஒலியே இல்லாமலும் கொஞ்சம் இறங்கும். இன்சுலின் 5,800. அது தானாக நுழையாது.

1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த இன்சுலினையே ஆய்வகத்தில் மனிதத் தோல் வழியாகக் கடத்திக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது 20 கிலோஹெர்ட்ஸ். அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில், தோலுக்கு மேலுள்ள திரவத்தில் நுண்குமிழிகள் பெருத்து, தோலை ஒட்டியே வெடித்து அமுங்கி, கொழுப்பு அடுக்கைக் குலைக்கும். பிசியோதெரபிக் கருவி ஓடுவதோ 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில். அங்கே இந்தக் குமிழி வேலை மிகக் குறைவு. கிடைப்பது பெரும்பாலும் சூடும் அதிர்வும்தான். 1950களிலிருந்தே இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. இருந்தும், மருந்தில்லாத வெறும் ஜெல்லோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் பெயர் அல்ட்ராசவுண்ட் என்பதால், ஆய்வகத்தில் செய்ததையும் கிளினிக்கில் செய்வதையும் ஒன்றாகப் பேசிவிடுகிறோம்.

சரி, களிம்பு. என்னைக் கேட்டால் கருவியைவிட இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோலியம் ஜெல்லி கலந்த களிம்பு, கெட்டியான வெள்ளை க்ரீம் போன்றவை ஒலியைக் கடத்துவதே இல்லை என்று சொல்லலாம். 1992இல் அளந்து பார்த்தபோது கெட்டியான ஸ்டீராய்டு க்ரீம்கள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றன. மருந்து போவது இருக்கட்டும், ஒலியே தோலைத் தொடவில்லை! தெளிவான, நீர் சார்ந்த ஜெல் பரவாயில்லை.

சந்தேகமிருந்தால் தெரபிஸ்டிடம் ஒன்று செய்துகாட்டச் சொல்லுங்கள். கருவியின் தலையை மேல்நோக்கிப் பிடித்து, விளிம்பைச் சுற்றி டேப்பால் சின்ன வரப்பு கட்டி, உங்கள் மருந்தைப் பூசி, அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குறைந்த அளவில் சில விநாடி ஓட்டினால் போதும். தண்ணீர் துடித்தால் ஒலி கடக்கிறது. அசையாமல் கிடந்தால், அந்த மருந்தை இதற்குப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை.

வீட்டில் வேண்டாம் என்பேன். விற்பவர்கள் பலர் அதிர்வெண்ணைக்கூடச் சொல்வதில்லை. தலையை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் எலும்பின் மேலுறை சூடேறிச் சுருக்கென்று வலிக்கும். அப்படி வலித்தால், கிளினிக்காக இருந்தாலும் உடனே சொல்லிவிடுங்கள். புற்றுக்கட்டி, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த இடம், பேஸ்மேக்கர், கர்ப்பிணியின் வயிறு, கண், உணர்ச்சி மரத்த தோல் ஆகியவற்றின் மேல் வைக்கவே கூடாது. அப்புறம், சிகிச்சை முடிந்ததும் மிச்ச ஜெல்லைத் துடைத்துவிடுங்கள். அதே இடத்தில் உடனே காரமான தைலத்தைத் தேய்க்காதீர்கள்.