அமீரகப் பள்ளி வேலை: கிளம்பும் முன் கேட்டுத் தெளிய வேண்டியவை

அமீரகத்தின் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு வேலைக்குப் போகும் இளம் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்.

மேடம், இரண்டு பள்ளிகளில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டிலும் மாதம் 4,000 திர்ஹாம்தான். எதற்குப் போகலாம்? (விருதுநகர்)

ஆஃபர் லெட்டரில் 'பேசிக்' (படிகள் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். வீட்டுப்படியும் பயணப்படியும் அதில் சேராது. முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேல் 30 நாள். பேசிக் 1,800 என்றால் வருடத்துக்கு 1,260 திர்ஹாம் வரும். 3,000 என்றால் 2,100. மூன்று வருடத்தில் 2,520 திர்ஹாம் வித்தியாசம். ஒரு வருடம் முடிக்காமல் கிளம்பினால் ஒன்றும் கிடைக்காது.

தங்குமிடம் பள்ளி தருமா, அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா, ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கும் முழுச் சம்பளம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது.

சான்றிதழ்களை எங்கெங்கே அட்டெஸ்ட் செய்ய வேண்டும்? (தேனி)

டிகிரி, பி.எட். இரண்டுக்கும் முதலில் மாநில அரசு, பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், அடுத்து இங்குள்ள அமீரகத் தூதரகம். அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். வெறும் அப்போஸ்டில் (பல நாடுகள் ஏற்கும் பொதுச் சான்று முத்திரை) அமீரகத்தில் எடுபடாது.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். ஒன்று லேமினேஷன்: பிளாஸ்டிக் உறை போட்ட டிகிரியின் பின்பக்கத்தில் முத்திரை குத்த முடியாது. வீட்டில் அயர்ன்பாக்ஸ் வைத்து உரிக்கப் பார்த்தால் மை கூடவே வந்துவிடும்; பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். இன்னொன்று இனிஷியல். சான்றிதழில் 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்' என்றிருந்தால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

ஏஜென்ட் 2 லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாமாம். (திருச்சி)

வேண்டாம். ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் வாங்கக் கூடாது என்கிறது அமீரகச் சட்டம். விசிட் விசாவில் ஒருநாள் வகுப்பெடுத்தாலும் அது சட்டவிரோத வேலைதான். ஏஜென்ட் பெயர், வெளிநாட்டு வேலைக்கான நம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புரோபேஷனில் பிடிக்காமல் போனால் திரும்பிவிடலாமா? (நெல்லை)

திரும்பலாம். புரோபேஷன், அதாவது சோதனைக் காலம், அதிகபட்சம் 6 மாதம். நாட்டை விட்டே கிளம்புவதென்றால் 14 நாள் முன்பும், அங்கேயே வேறு இடத்தில் சேர்வதென்றால் ஒரு மாதம் முன்பும் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பள்ளி பிடித்து வைக்க உரிமை கிடையாது. ஆனால் பாதி வருடத்தில் போனால் அந்தப் பிள்ளைகள் புது டீச்சர் வரும்வரை அல்லாடுவார்கள். முடிந்தால் டெர்ம் முடிவு வரை தாங்குங்கள்.

மாலையில் டியூஷன் எடுத்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் அல்லவா? (சேலம்)

எடுக்கலாம், பெர்மிட்டோடு. 2023 டிசம்பரிலிருந்து தனி டியூஷன் பெர்மிட்டை அமீரக அரசு கட்டணமின்றித் தருகிறது. 2 வருடம் செல்லும். பள்ளியில் வேலை பார்ப்பவர் பள்ளியிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைக்கே காசு வாங்கிச் சொல்லித் தராதீர்கள். மார்க் போடும்போது கை தடுமாறும்.

ஊரில் இருக்கும் சேவிங்ஸ் கணக்குக்கே பணம் அனுப்பலாமா? (கரூர்)

கூடாது. அதை என்ஆர்ஓ-வாக (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றிவிட்டு, அங்கே வாங்கும் சம்பளத்துக்குத் தனியாக என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்தைப் போடும் கணக்கு) தொடங்குங்கள். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை.

நடத்தையில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? (காரைக்குடி)

பிள்ளைகள் மீது கை வைக்கவே கூடாது, காதைத் திருகுவதும் சேர்த்துத்தான். வகுப்பு போட்டோவை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அனுமதியில்லாமல் படம் போடுவது அங்கே வழக்காகும். ரமலானில் வேலை நேரம் தினம் 2 மணி குறையும். அந்த மாதம் தண்ணீர் பாட்டிலை வகுப்பில் வைக்காமல் ஸ்டாஃப் ரூமிலேயே குடித்துவிட்டு வாருங்கள். எதிரே இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை நோன்பிருக்கலாம்.