50 கேபிக்குள் அடங்காத போட்டோ: படச் சுருக்கம் பற்றிய கேள்வி – பதில்

கேள்வி: ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் போட்டோ கேட்கிறார்கள். போனில் எடுத்த 4 எம்பி படத்தின் குவாலிட்டியை 5 வரை இறக்கியும் 200 கேபிக்குக் கீழே வர மறுக்கிறது. முகம் கட்டம் கட்டமாகப் போனதுதான் மிச்சம். வேறு வழி உண்டா?
– பிரவுசிங் சென்டர் நடத்துபவர், தென்காசி

பதில்: குவாலிட்டியில் கை வைக்கும் முன் படத்தின் அளவைக் குறையுங்கள். 3000×4000 படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல் இருக்கிறது. ஜேபெக் (.jpg கோப்பின் சுருக்க முறை) அதை வெளிச்சம், நிறம் என்று பிரித்து, 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டும். வெளிச்சத்துக்கு மட்டும் 1,87,500 கட்டங்கள். ஒரு கட்டத்தில் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும், ‘முந்தைய கட்டத்தின் அளவேதான்’ என்பதற்கு 2 பிட், ‘இத்தோடு முடிந்தது’ என்பதற்கு 4 பிட் எழுதியாக வேண்டும். பல மென்பொருள்கள் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஹஃப்மன் பட்டியலின் (அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் தரும் குறியீட்டுப் பட்டியல்) கணக்கு இது. நிறக் கட்டங்களையும் சேர்த்தால், அந்த அளவில் வெறும் வெள்ளைப் படமே 180 கேபியைத் தாண்டிவிடும். குவாலிட்டியை 5 ஆக்கினாலும் 1 ஆக்கினாலும் அதற்குக் கீழே இறங்காது.

ஆகவே முதலில் முகமும் தோளும் மட்டும் வரும்படி 3.5×4.5 செ.மீ. விகிதத்தில் வெட்டுங்கள். பிறகு 413×531 பிக்சலுக்குக் குறையுங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பாஸ்போர்ட் சைஸ் என்பது இதுதான். கடைசியில் குவாலிட்டி 85 வைத்துச் சேமியுங்கள். ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 2 பிட் கிடைப்பதால் பெரும்பாலும் 50 கேபிக்குள் சுத்தமாக வந்துவிடும். ‘20 கேபிக்குக் குறையக்கூடாது’ என்று இணையதளம் அடம்பிடித்தால் குவாலிட்டியை 92க்கு ஏற்றுங்கள்.

போட்டோவோடு கேமரா சேர்த்து எழுதும் எக்ஸிஃப் தகவலை நீக்கினால் உள்ளே ஒளிந்திருக்கும் குட்டிப் படமும் எடுத்த இடத்தின் விவரமும் போய், சில கேபி மிச்சமாகும். ஆனால் ‘படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவது’ என்ற குறிப்பும் அதில்தான் இருக்கிறது. படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமிக்காமல் நீக்கினால், விண்ணப்பதாரர் படுத்த கோலத்தில் போய்ச் சேருவார்.

கேள்வி: கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்து அழைப்பிதழ் செய்கிறோம். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருப்பது, ஜேபெக் ஆக்கி அனுப்பியதும் எழுத்தோரம் கசிந்து, பொடி எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளியே காணாமல் போகிறது. கறுப்பு எழுத்தில் இந்தத் தொல்லை இல்லையே?
– டிசைனர், சிவகாசி

பதில்: ஜேபெக் ஆர்ஜிபியை (சிவப்பு, பச்சை, நீல அளவுகளை) அப்படியே வைத்துக்கொள்வதில்லை, வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என்று பிரிக்கிறது. 4:2:0 முறையில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக இருக்கும். நிறமோ 2×2 என நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு. போட்டோவுக்கு அது சரி.

உங்கள் வண்ணங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். முழுச் சிவப்பின் (255, 0, 0) வெளிச்ச அளவு 76. கரும்பச்சையின் (0, 128, 0) அளவு 75. வெளிச்சத் தளத்தில் உங்கள் எழுத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை! எழுத்து முழுவதும் பாதி நுணுக்கமுள்ள நிறத் தளத்தில்தான் இருக்கிறது. இரண்டு பிக்சல் அகலப் புள்ளி அங்கே ஒரே பிக்சலாகச் சுருங்கி, அதன் பிறகு வரும் வகுத்தலிலும் அடிபடும்.

அந்த வகுத்தலையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டமும் டிசிடி கணக்கில் (கட்டத்தைப் பெரிய மாற்றம், நுணுக்கமான மாற்றம் என்று அலைகளாகப் பிரிக்கும் முறை) 64 எண்களாக மாறும். ஒவ்வொன்றையும் ஒரு பட்டியல் எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குவார்கள். குவாலிட்டி 50இல் மிக நுணுக்கமான மூலை எண்ணுக்கு 99. அங்கே 37 இருந்தால் வகுத்து வருவது 0, போனது போனதுதான். குவாலிட்டி 90இல் அதே இடத்துக்கு 20. 37 என்பது 2 ஆகி, திறக்கும்போது 40 ஆக மீளும். நிறத் தளத்துக்கான பட்டியல் இன்னும் கறாரானது; 99 அதில் பாதிக்கு மேல் நிரம்பிக் கிடக்கும். (இந்த 50, 90 எல்லா மென்பொருளிலும் ஒன்றல்ல. போட்டோஷாப் 0 முதல் 12 வரை தனி அளவுகோல் வைத்திருக்கிறது.)

செய்ய வேண்டியது: கிம்ப் போன்றவற்றில் ஏற்றுமதி செய்யும்போது 4:4:4 தேர்ந்தெடுங்கள், நிறமும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக இருக்கும். தட்டையான நிறங்களே அதிகம் என்றால் பிஎன்ஜி இன்னும் நல்லது, அதில் எதுவும் இழப்பாகாது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கிவிடும். வாடிக்கையாளர் சம்மதித்தால் சிவப்பை மஞ்சளாக்குங்கள்: வெளிச்ச அளவு 226.

கேள்வி: 500 போட்டோக்களை ஜிப் செய்தும் அளவு குறையவில்லை. ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: ஜேபெக்கின் கடைசிப் படியே ஹஃப்மன் குறியீடுதான். திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் அது ஏற்கெனவே பிழிந்துவிட்டது, ஜிப்புக்கு மிச்சமில்லை. ஒரே கோப்பாகக் கட்டி அனுப்ப மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அலுவலக ஸ்கேனரில் ‘அதிகச் சுருக்கம்’ வைத்தால் பிடிஎஃப் மிகச் சிறியதாகிறது, எழுத்தும் துல்லியம். கணக்குப் புத்தகங்களை இப்படிச் சேமிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: அந்தத் துல்லியத்தை நம்பாதீர்கள். 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் எண்கள் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். தாளில் 21.11, 17.42 என்றிருந்த அறைப் பரப்புகள் ஸ்கேனில் 14.13 ஆகியிருந்தன. காரணம் ஜேபிக்2 என்ற கறுப்பு-வெள்ளைச் சுருக்க முறை. ஒரே மாதிரி தெரியும் எழுத்துருவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டும். ‘ஒரே மாதிரி’ என்பதற்கான வரம்பு தளர்ந்தால், பொடியாக அச்சான 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 வந்து உட்காரும். மங்கிய ஜேபெக் என்றால் ‘சரியாகத் தெரியவில்லை’ என்று ஒருவராவது சொல்வார். இங்கே தவறான எண் அச்சடித்தாற்போல நிற்கும். கணக்கு, பத்திரம், மருந்துச் சீட்டு எதற்கும் இது வேண்டாம். 300 டிபிஐ, சிசிஐடிடி குரூப் 4 வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு-வெள்ளைப் பக்கம் இழப்பே இல்லாமல் சுருங்கும்.

கேள்வி: வேவ்லெட் (படத்தைக் குட்டி அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) அடிப்படையில் புதிய படச் சுருக்க முறை உருவாக்கியிருக்கிறேன். லேனா என்ற சோதனைப் படத்தில் ஜேபெக்கைவிட பிஎஸ்என்ஆர் (அசலோடு எவ்வளவு நெருக்கம் என்ற அளவு) 3 டெசிபெல் கூடுதல். ஆனாலும் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது.
– ஆய்வு மாணவி, சென்னை

பதில்: லேனாவை விடுங்கள். ஒரு பத்திரிகையின் 1972 இதழிலிருந்து ஸ்கேன் செய்த 512×512 துண்டு அது. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை. ஒரே படத்தில், ஒரே பிட் விகிதத்தில் வென்றது வெற்றியும் அல்ல. கோடக் என்ற சோதனைப் படத் தொகுப்பின் 24 படங்களிலும் (768×512), குறைந்தது நான்கு பிட் விகிதங்களில் ஓட்டி, பிடி-ரேட் (அதே தரத்துக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் பிட் மிச்சம் என்பது) கணக்கிடுங்கள். 1992ஆம் ஆண்டு ஜேபெக்கை இன்று யாரும் ஜெயித்துவிடலாம். ஏவிஐஎஃப், விவிசி இன்ட்ரா ஆகிய புதிய சுருக்க முறைகளோடு மோதுங்கள்.

மாணவர் கட்டுரைகளில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பூஜ்யமாகாத கெழுக்களை (வேவ்லெட் கணக்கில் கிடைக்கும் எண்களை) எண்ணிவிட்டு அதையே ‘சுருக்க விகிதம்’ என்பார்கள். அந்தக் கெழுக்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லவும் பிட் வேண்டுமே! உங்கள் என்கோடர் (சுருக்கும் நிரல்) வட்டில் ஒரு கோப்பை எழுதட்டும். அசல் படத்தைப் பார்க்காத தனி டிகோடர் (விரிக்கும் நிரல்) அதை மட்டும் வைத்துப் படத்தை மீட்கட்டும். தலைப்புத் தகவல் உள்பட அந்தக் கோப்பின் பைட்டுகளே உங்கள் அளவு. சோதனைப் படங்கள் முன்பே ஜேபெக் ஆனவையா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் 8×8 கட்டத்தின் தடம் அதில் பதிந்திருக்கும், ஒப்பீடு கோணலாகிவிடும். பிஎஸ்என்ஆர் வெளிச்சத்துக்கா, ஆர்ஜிபிக்கா என்பதைக் குறிப்பிடுங்கள். கூடவே, கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையை அளக்கும் எம்எஸ்-எஸ்எஸ்ஐஎம் மதிப்பும் தாருங்கள்.

முறை எளிமையாக இருப்பது குறையல்ல. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டிசிடிக்காக 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டபோது, ‘இது ரொம்ப எளிது’ என்று மறுத்தார்கள். நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரை மூன்று பக்கம் சொச்சம்தான்.

கேள்வி: கல்யாண வீடியோவைச் சுருக்கினால் அட்சதை தூவும் காட்சி மட்டும் உடைகிறதே?
– வீடியோகிராபர், மதுரை

பதில்: வீடியோ சுருக்கம், முந்தைய பிரேமில் இருந்தது எங்கே நகர்ந்தது என்று தேடி எழுதுவது. நூற்றுக்கணக்கான அரிசி தனித்தனித் திசையில் பறந்தால் தேடல் தோற்று, பிட் தேவை எகிறும். நீங்கள் நிலையான பிட் விகிதம் வைத்திருப்பீர்கள். எக்ஸ்264இல் (எச்.264 வீடியோ எழுதும் மென்பொருள்) சிஆர்எஃப் (தரத்தை நிலையாக வைக்கும் எண்) 18 முதல் 20 வரை, ஸ்லோ பிரீசெட் வையுங்கள். தேவைப்படும் இடத்தில் அதுவே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சிஆர்எஃப் 6 கூடினால் அளவு ஏறக்குறைய பாதியாகும். டிவியில் போட்டுப் பார்க்க 8 பிட், 4:2:0 என்றே ஏற்றுமதி செய்யுங்கள். 10 பிட் எச்.264ஐப் பல டிவிகள் திறக்காது. பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறவே ஏறாது.