அப்பாவின் முழங்காலும் ஆற்றோரப் பாதையும்

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. பொங்கோல் ஆற்றோரமாக ஒரு நாள் முழுக்க நிதானமாகச் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுகிறார். முழங்கால் வலி உண்டு. தெரிந்தவர் ஒருவர் பழைய மின்சைக்கிள் ஒன்றை 600 வெள்ளிக்கு முடித்துத் தருவதாகவும், பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த "அப்புறம்" வரவே வராது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற ஒப்புதல் முத்திரை இல்லாத மின்சைக்கிளைப் பதிவு செய்ய முடியாது. மோட்டார் 250 வாட், எடை 20 கிலோ, அதற்கு மேல் போகக் கூடாது. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிட வேண்டும். மிதித்தால்தான் அது உதவவும் வேண்டும். கைப்பிடியை முறுக்கினால் தானாக ஓடுகிற வண்டி என்றால் விலையே பேசாதீர்கள்.

இந்தத் தரகர்களின் பேச்சு எனக்கு மனப்பாடம். "பெரிய பேட்டரி போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அப்படி மாற்றிய பேட்டரியை இரவு முழுக்க வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு உங்களால் தூங்க முடியுமா? "வேறு வண்டியின் முத்திரையை ஒட்டித் தருகிறேன்" என்பார்கள். 2022 ஜனவரி முதல் மின்சைக்கிள் ஓட்ட எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதையும் "நானே எழுதித் தருகிறேன்" என்பார்கள். பிடிபடும்போது அவர் இருக்க மாட்டார். வண்டி பறிபோய், அபராதம் கட்டி நிற்பது உங்கள் அப்பா.

சரி, முறையாகப் பதிவான வண்டியே வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். நடைபாதையில் மின்சைக்கிள் ஓட்டக் கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் ஓட்டலாம். சாலையிலும் ஓட்டலாம், தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் தவறில்லை. "மெதுவாகத்தானே போகிறேன்" என்பது செல்லாது. ஏறி உட்கார்ந்தால் அது ஓட்டுவதுதான். சைக்கிள் பாதை எட்டாத புளோக்கில் குடியிருந்தால், முழங்கால் வலிக்காரர் 20 கிலோ இரும்பைப் பூங்காப் பாதை வரை தள்ளிப் போய், திரும்பும்போதும் தள்ளி வர வேண்டும். ஆற்றோரம் இவ்வளவு அழகாகப் பாதை போட்டவர்கள், வீட்டு வாசலிலிருந்து அங்கே எப்படிப் போவது என்பதை எங்களிடம் விட்டுவிட்டார்கள்.

கியர் வைத்த சாதாரண சைக்கிளுக்கு இந்தத் தலைவலி இல்லை. பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டலாம், பூங்காப் பாதையில் 25 வரை. நீங்கள் போகிற ஆற்றோரமும் பெரும்பாலும் சமதளம்தான், மோட்டாருக்கு அங்கே வேலை குறைவு.

முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் தாழ்ந்த இருக்கை. இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று நம் பெரியவர்கள் இருக்கையை இறக்கிவிடுவார்கள். அப்பாவை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். மிதி அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பார். அப்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். அதுதான் சரியான உயரம். கியரை இலகுவாக வைத்து, பாலங்களின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளச் சொல்லுங்கள். முழங்கால் வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

செங்காங் ஆற்றோரப் பூங்காவில் தொடங்குங்கள். பொங்கோல் ஆற்றை ஒட்டியே போய், பொங்கோல் நீர்வழியில் திரும்புங்கள். நீர்வழி மட்டும் 4.2 கிலோமீட்டர். அந்தப் பக்கம் சிராங்கூன் நீர்த்தேக்கம் வந்துவிடும். 26 கிலோமீட்டர் வடகிழக்கு ஆற்றோரச் சுற்று முழுவதையும் முதல் நாளே முடிக்கப் பார்க்காதீர்கள். நீர்வழி முடிகிற இடத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள், வந்த வழியே திரும்புங்கள்.

அந்தத் தெரிந்தவருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். இழுத்தடித்தால், வண்டியை முதலில் முறையாகப் பதிவு செய்து காட்டினால்தான் மீதிப் பேச்சு என்று சொல்லிவிடுங்கள்.