சுப்ரதா மித்ராவின் ஒளி: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திரைப்படக் கல்லூரியில் சேர வழியில்லாத நான் ஒளிப்பதிவாளராக முடியுமா, ஐயா?

பதில்: முடியும். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவை எண்ணிப் பாருங்கள். 1952-இல் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பு தொடங்கியபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. ஆனாலும் அவர் வெறுங்கையோடு வரவில்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் படமெடுத்தபோது ஓரமாக நின்று, விளக்குகள் எங்கே இருந்தன, நடிகர்களும் கேமராவும் எப்படி நகர்ந்தனர் என்பதையெல்லாம் வரைந்து குறித்து வைத்திருந்தார். நீங்களும் முதலில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள்.

கேள்வி: விளக்கொளியை ஒரு பரப்பில் பட்டுத் திரும்பச் செய்யும் 'பவுன்ஸ் லைட்டிங்' முறைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்?

பதில்: ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி வீடொன்றின் முற்றம் வருகிறது. மழைக்கு அஞ்சி, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் அமைக்க வேண்டியதாயிற்று. மித்ரா எதிர்த்தார். அத்தகைய முற்றத்தில் வானிலிருந்து பரவலாக இறங்கும் வெளிச்சம் கூர்மையான நிழலை உண்டாக்காது; ஸ்டுடியோ விளக்குகளை நேரடியாகப் போட்டாலோ ஆளுக்கு இரண்டு மூன்று நிழல்கள் விழுந்து, அது அரங்கம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் வாதம் எடுபடவில்லை. எனவே முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை வானம்போல இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளிதான் அந்த முற்றத்தின் பகல். இந்திய ஒளிப்பதிவில் இதைவிட அழகான விடையை நான் அறியேன்.

கேள்வி: ஒளியைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்தாலே வேலை முடிகிறதே, இதில் என்ன அருமை?

பதில்: ஒளி தரும் பரப்பு பெரிதாக இருந்தால்தான் நிழல் மென்மையாகும், சிறு பலகையை ஒருவர் முகத்தருகே பிடிக்கலாம், முற்றம் முழுவதற்கும் அது போதாது. மேலும், துணியில் பட்டுத் திரும்பும்போது ஒளியின் பெரும்பகுதி வீணாகிவிடும். அக்காலப் படச்சுருளோ இன்றைய கேமராக்களைப்போலக் குறைந்த வெளிச்சத்தில் பதிவு செய்யாது.

கேள்வி: ராயைப் பிரிந்த பிறகு அவர் என்ன செய்தார்?

பதில்: இருவரும் கடைசியாக இணைந்தது 'நாயக்' (1966) படத்தில். அதே ஆண்டில் அவர் ஒளிப்பதிவு செய்த 'தீஸ்ரீ கசம்' இந்தியில் வெளிவந்தது. அமெரிக்க இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியின் படங்கள் சிலவற்றுக்கும் அவர் ஒளிப்பதிவு செய்தார். 'நியூ டெல்லி டைம்ஸ்' (1986) அவருக்குத் தேசிய விருதைத் தந்தது. பின்னாளில் கல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

கேள்வி: அவர் சிதார் வாசிப்பாராமே?

பதில்: ஆம். 'பதேர் பாஞ்சாலி'யின் பின்னணி இசையில் சில சிதார் பகுதிகள் அவர் வாசித்தவை.