குற்றவாளிக்கு எதற்கு உரிமை?

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் எடுக்கிறேன். மனித இயல்பைப் பற்றி ஐரோப்பியத் தத்துவஞானிகளில் ஹாப்ஸ் சொல்வதும் ரூசோ சொல்வதும் நேரெதிராக இருக்கின்றன. மனிதன் பிறவியிலேயே கெட்டவனா, நல்லவனா? நாம் யார் பக்கம் நிற்பது? அடிமை வாணிபக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கிடம் சுதந்திரத்தைப் பற்றி நாம் ஏன் பாடம் கேட்க வேண்டும்? தனிமனித உரிமை நல்லதுதான். ஆனால் குற்றவாளிக்கும் உரிமை கேட்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் போன்றவர்கள் வாதாடியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

யார் பக்கமும் நிற்க வேண்டாம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்டு நடுங்கியவர் ஹாப்ஸ். பாரிஸ் கனவான்களின் பகட்டைக் கண்டு கசந்தவர் ரூசோ. லாக்கின் பங்குகள் அவருக்குத் தீராத வெட்கக்கேடுதான். அதனால், ஆளப்படுபவரின் இசைவில்லாமல் ஆட்சிக்கு உரிமையில்லை என்று அவர் சொன்னது பொய்யாகிவிடாது.

உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லிக்கொடுப்பவர் எழுதக்கூடிய வரியா அது? அவன் குற்றவாளி என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சில நாட்களாக ழான் காலாஸ் வழக்கைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கோபம் சற்று அதிகமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலாஸ் பிரான்ஸின் துலூஸ் நகரத் துணி வணிகர், புராட்டஸ்டண்ட். 1761 அக்டோபர் 13 இரவு, குடும்பம் விருந்தாளி ஒருவருடன் உணவருந்தி முடித்த பிறகு, மூத்த மகன் மார்க் அந்துவான் கீழே கடையில் பிணமாகக் கிடந்தான். வயது 28. சட்டம் படித்தவன், கத்தோலிக்கன் என்ற சான்று இல்லாததால் வழக்கறிஞராக முடியாமல் போனவன். தற்கொலை செய்தவரின் சடலத்தை முகம் தரையில் உரசத் தெருவெங்கும் இழுத்துச் செல்வது அந்நாட்டு வழக்கம். அதற்கு அஞ்சி, கொலையுண்டு கிடந்தான் என்றே குடும்பத்தார் முதலில் சொன்னார்கள். கடைக்கும் கிடங்குக்கும் இடையிலுள்ள கதவின் மேல் கட்டையைக் குறுக்கே வைத்துத் தூக்கில் தொங்கினான் என்று பிறகு சொன்னபோது கேட்பாரில்லை. கத்தோலிக்கனாக மாறவிருந்த மகனைத் தகப்பனே கொன்றுவிட்டான் என்று வாசலில் கூடிய கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கத்தியது யாரென்று இன்றுவரை தெரியாது. அந்தக் குரல்தான் வழக்கை நடத்தியது.

கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லை. தெரிந்தவர்கள் வந்து சொல்லாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களில் அறிவித்தார்கள். வதந்தி சாட்சியம் ஆயிற்று. என் அப்பா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். பார்த்தேன் என்கிறவன் கொஞ்சம் தயங்குவான், கேள்விப்பட்டேன் என்கிறவன்தான் அடித்துச் சொல்வான் என்பார். சிறுவயதில் அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் பட்டது. துலூஸ் வழக்கைப் படித்த அன்று அவர் குரல் காதருகே கேட்டது.

விசாரணை முழுக்க மூடிய அறையில் நடந்தது. கேள்வி கேட்டபோது பக்கத்தில் வழக்கறிஞர் கிடையாது. 1670-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. 13 நீதிபதிகளில் 8 பேர் மரண தண்டனைக்குக் கை தூக்கினார்கள். 1762 மார்ச் 10 அன்று, அறுபதைத் தாண்டிய அந்த மனிதரின் உடலை இழுத்து முறுக்கினார்கள், வாயில் தண்ணீரை ஊற்றினார்கள், பிறகு சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கினார்கள். கடைசி மூச்சு வரை அவர் சொன்னது ஒன்றுதான்: நான் குற்றமற்றவன். ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ நூல் வெளிவந்ததும் அதே 1762-இல்தான்.

அந்த நீதிபதிகள் கொடியவர்கள் என்று சொல்லித் தப்பித்துவிடாதீர்கள். கடவுளுக்கு அஞ்சுபவர்கள், தங்கள் கடமையைச் செய்வதாக உளமார நம்பியவர்கள். மனித இயல்பைப் பற்றி நீங்கள் கேட்கவேண்டியது அவர்களைத்தான். நல்லவன், தான் தவறவே மாட்டான் என்று நம்பும்போது என்ன செய்வான்? அவனிடமிருந்து நம்மைக் காப்பதற்கு வேலி வேண்டாமா?

வால்டேரும் முதலில் காலாஸைக் கேலி செய்துதான் எழுதினார். பிறகு ஜெனீவாவுக்கு ஓடிவந்திருந்த இளைய மகன் தொனாவை அழைத்து, உன் பெற்றோர் முரடர்களா என்று கேட்டார். எங்களை ஒருமுறைகூட அடித்ததில்லை என்றான் பையன். அந்தப் பதிலோடு நிறுத்தாமல் கடிதம் மேல் கடிதம் எழுதினார், ஆவணங்களைத் தேடினார், 1763-இல் சகிப்புத்தன்மை பற்றிய நூலை வெளியிட்டார். வயதான ஒருவரால் தனியாக ஓர் இளைஞனைத் தூக்கிலிட முடியாது. வீட்டிலிருந்த மற்றவர்களும் உடந்தை என்றால் அவர்களை ஏன் உயிரோடு விட்டீர்கள் என்று கேட்டார். அவர்களில் ஒருத்தி கத்தோலிக்கப் பணிப்பெண். நீதிமன்றத்திடம் விடையில்லை. தண்டனை விதித்த அதே மார்ச் 9, மூன்றாண்டுகள் கழித்து 1765-இல், பாரிஸில் காலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. குற்றம் தீர்மானமாகும்வரை எவரும் நிரபராதியே என்று பிரெஞ்சுப் புரட்சியின் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 9-ஆம் பிரிவு சொல்வதை இந்த எலும்புகளோடு சேர்த்துப் படியுங்கள்.

நீங்கள் நல்ல ஆசிரியர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இல்லாவிட்டால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வகுப்பில் ஹாப்ஸையும் ரூசோவையும் சீக்கிரம் முடித்துவிட்டு இந்த வழக்கை எடுங்கள். முடிவைச் சொல்லாதீர்கள். குடும்பம் முதலில் பொய் சொன்னது என்பது வரை சொல்லி நிறுத்தி, தகப்பன்தான் கொன்றான் என்று நினைப்பவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். எத்தனை கைகள் எழுந்தன என்று எனக்கு எழுதுங்கள்.