தம்பி மறியலால் வருகிறான்: டெஸ்ட் ஸ்ட்ரிப் அனுப்பச் சொல்லலாமா?

கேள்வி: ஹெரோயின் வழக்கில் தண்டனை பெற்ற என் தம்பி அடுத்த மாதம் மட்டக்களப்புச் சிறையிலிருந்து வருகிறான். தூளில் விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் அமெரிக்காவில் இப்போது சட்டப்படி கிடைக்கிறதாம். அங்கிருக்கும் மச்சாள் பார்சலில் அனுப்பவா என்று கேட்கிறாள். வாங்கி வைக்கலாமா? (ஒரு அக்கா, கல்முனை)

பதில்: வேண்டாம், சகோதரி. மச்சாள் சொன்னது சரிதான், ஆனால் அது அங்குள்ள நிலைமைக்கு வந்த சட்டம். அந்த ஸ்ட்ரிப் பார்ப்பது பென்டனில் என்ற மிக வீரியமான வலி மருந்தை மட்டுமே. ஹெரோயினிலும் போலி மாத்திரைகளிலும் அதைக் கலந்து விற்றதால் அங்கே பெருந்தொகையானோர் செத்தார்கள். ஆனால் 1979இல் எழுதப்பட்ட ஒரு மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றிய பல மாநிலங்களில், போதைப்பொருளைச் சோதிக்கும் கருவியை வைத்திருப்பதும் குற்றமாக இருந்தது. சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவரைத் திரும்ப உள்ளே அனுப்ப இப்படியொரு சின்ன வழக்கே போதுமாக இருந்தது. 2021இல் மத்திய அரசு தன் நிதியில் ஸ்ட்ரிப் வாங்க அனுமதித்தது. அப்புறம் பெரும்பாலான மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. அதனால் போனது அந்த ஒரு வழக்குத்தான். தூளோடு பிடிபட்டால் அங்கே இன்றும் குற்றம்.

நமது சட்டத்தில் அப்படியொரு விலக்குக்கூட இல்லை. சோதித்துப் பார்க்கத் தூள் கையில் இருக்க வேண்டுமே! 2 கிராம் ஹெரோயினுக்கும், 2022 திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸ் (மெத்தாம்பெட்டமைன்) போதைப்பொருளுக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஏற்கெனவே வழக்கிருந்த பிள்ளையின் அறையில் பொலிஸார் அந்தப் பார்சலைக் கண்டால், 'இவன் இன்னும் பாவிக்கிறான்' என்று அதையே காட்டக்கூடும்.

தம்பிக்கு உண்மையான ஆபத்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், அந்த இரண்டு வாரங்களில் அளவுமீறிய போதையால் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று வந்தது. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு தூளைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். பென்டனில் கலக்காத தூளும் இப்படிக் கொல்லும். ஸ்ட்ரிப் அதைக் காட்டாது.

ஆகவே அடுத்த முறை பார்க்கப் போகும்போதே இதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஏசினால் காது கொடுக்க மாட்டான். பக்கத்திலிருந்து சொல்லுங்கள். அவன் வருமுன்பே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசி வையுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கும் அழைக்கலாம். முதல் வாரங்களில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே படுக்க விடாதீர்கள்.

தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். பொலிஸுக்குப் பயந்து மறைக்காமல், தூள் எடுத்திருக்கலாம் என்று வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஹெரோயினை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. என்ன எடுத்தான் என்று தெரிந்தால்தான் வைத்தியர் அதை நேரத்துக்குக் கொடுக்க முடியும்.