எவர்கிளேட்சில் கழுகுகள் கார் ரப்பரைப் பிய்க்கின்றன: என்ன செய்வது?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள எவர்கிளேட்சில் நிறுத்திய காரின் ரப்பரைக் கழுகுகள் பிய்த்துவிட்டன, அடுத்த முறை எப்படித் தடுப்பது என்று கேட்கிறீர்கள். காரைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு நடக்கப் போங்கள். அதைவிட நம்பகமான வழி இல்லை. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் ராயல் பாம் பகுதியில் இதற்கென்றே தார்ப்பாயும் கயிறும் இரவல் தருகிறார்கள். போன முறை வைப்பரோடு கண்ணாடி ஓர ரப்பரும் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் வைப்பரில் மட்டும் துணி சுற்றினால் போதாது. கண்ணாடி ஓரங்கள் எல்லாமே மறைய வேண்டும்.

இது பெரும்பாலும் கரும் பிணந்தின்னிக் கழுகின் வேலை. பிணத்தின் தோலையும் தசைநாரையும் இழுத்துக் கிழிக்கும் அலகுக்கு, இழுபடும் ரப்பர் வாகாக இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து தென் அமெரிக்கா வரை பரவிய இனம் இது. மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சாமல் கூட்டமாக இறங்கும். குளிர்காலத்தில் தொல்லை அதிகம்.

அடுத்த முறை தலையைப் பாருங்கள். சுருக்கம் விழுந்த கருஞ்சாம்பல் மொட்டைத் தலை என்றால் இதுதான். பறக்கும்போது இறக்கை நுனிகளில் வெள்ளைத் திட்டும் தெரியும். தலை சிவப்பாக இருந்தால் அது வான்கோழிக் கழுகு. மோப்பத்தால் இரை தேடும் வெகு சில பறவைகளில் ஒன்று, ரசித்துப் பாருங்கள்!

ஒன்றில் கவனம்: கல்லெறியவோ அடிக்கவோ வேண்டாம். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. நெருக்கினால் பாதி செரித்த இறைச்சியை வாந்தியெடுக்கும், நாற்றம் தாங்காது. நீங்கள் வரும்போது காரின் மேல் உட்கார்ந்திருந்தால், கையை வீசிச் சத்தமிட்டுக்கொண்டே மெதுவாக நெருங்குங்கள், எழுந்து போய்விடும்.